புகை விடும் கிளினிக்

மீன்கார அக்காவை அவருடைய மருமகள் பங்கரிலிருந்து வெளியேற்றியது ஒரு காலைப் பொழுதில். வானத்தில் குண்டு போடுகிற கிபிர் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா, மகன், வயிற்றில் பிள்ளையோடு மருமகள், பக்கத்து வீட்டுச் சனம் என்று எல்லோரும் அந்தப் பதுங்கு குழிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பயம் வந்தால் அக்காவுக்குச் சுருட்டு வேண்டும். பற்ற வைத்தார். மேலே பனங்குற்றியும் மண் மூட்டையும் போட்டு மூடிய இடத்தில் புகை எங்கே போகும்? மருமகள் ஓங்காளித்தாள்.

"மாமி, ஒண்டில் உந்தச் சுருட்டு வெளியில போகவேணும், இல்லாட்டி நான் போகவேணும்."

அக்கா சுருட்டைப் பார்த்தார். அது இன்னும் அரைவாசிக்கு மேல் இருந்தது. எறிய மனம் வரவில்லை. "நீ இரு பிள்ளை, நானே போறன்" என்று வெளியே வந்து, பங்கரின் வாசலில் குந்தி, கிபிரை அண்ணாந்து பார்த்தபடி பத்தி முடித்தார். குண்டு எங்கேயோ தூரத்தில்தான் விழுந்தது. ஆனால் நிலம் அதிர்ந்த அதிர்ச்சியில் சுருட்டின் தணல் மடியில் விழுந்து, நல்ல சேலையில் ஓட்டை போட்டுவிட்டது. அந்தச் சேலைதான் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது.

நான் அப்போது முள்ளியவளைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். சனம் என்னை "மிஸி" என்று கூப்பிடும். யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து வன்னிக்குள் வந்து கொட்டுண்ட காலத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஆஸ்பத்திரி என்றால் கிடுகுக் கூரை, அரைச் சுவர், இருக்க ஒரு வாங்கு, ஒரு அலுமாரி. அலுமாரியில் பெரும்பாலும் பூட்டு மட்டும்தான் இருந்தது. மருந்து வருவதற்கு அனுமதி வேண்டும், அனுமதி வருவதற்கு யாருக்காவது மனம் வேண்டும்.

எங்கள் டொக்டர் படித்து முடித்த சூட்டோடு வந்த இளம்பொடியன். மூச்சு முட்டு இழுக்கும் நோயாளிகள் வரிசையாக வருவதையும், அவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் நான் முதுகைத் தடவிவிடுவதையும் பார்த்துப் பார்த்து அவருக்கு விசர் பிடித்துவிட்டது. "மருந்து வராது, மிஸி. அப்ப நோயையாவது வராமப் பண்ணுவம்" என்றார். வியாழக்கிழமை பின்னேரங்களில் பீடி, சுருட்டு, சிகரெட் விட விரும்புகிறவர்களுக்கு என்று ஒரு கிளினிக் தொடங்கினோம். டொக்டர் தன் கையாலேயே ஒரு பலகையில் எழுதி மாட்டினார்: புகை விடும் கிளினிக்.

முதல் வியாழன் வாசலில் நின்ற ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டார்: "டொக்டர், விடுறதெண்டா ஊதி விடுறதோ? அதுக்கெண்டா நான் இப்பவே வாறன்."

டொக்டர் தன் வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூட உதட்டில் வைத்தவரில்லை. அதனால் புகையை விடுவது மிகச் சுலபம் என்று நம்பியிருந்தார். நெஞ்சுக்கூட்டின் படமொன்றைக் காட்டி, நுரையீரல் எப்படிக் கறுக்கும் என்று விளக்குவார். ஆட்கள் பணிவாகத் தலையாட்டுவார்கள். பிறகு வெளியே போய், அந்தப் பயங்கரத்தைத் தாங்க முடியாமல், வேலி ஓரத்தில் நின்று ஆளுக்கொரு பீடி பத்துவார்கள்.

"நான் ஆமியின்ர செல் குண்டு விழுந்து சாகப்போறவன்" என்றார் வயல் செய்கிற ஒரு கமக்காரர். "பீடியால சாக எனக்கு எங்க டொக்டர் நேரம்?"

டொக்டர் படத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

இந்த நிலைமையில்தான் மீன்கார அக்கா வந்தார். முள்ளிவாய்க்கால் கரையில் மீன் வாங்கி, எங்கள் பக்கத்துச் சந்தையில் விற்கிறவர். ஐம்பது வயதிருக்கும். கடலோடு சத்தம் போட்டுப் பழகிய குரல். மீன் கடகத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஆண்கள் இருந்த வாங்கில் வந்து குந்தினார். கடகத்துக்குப் பின்னால் ஊர்ப் பூனையெல்லாம் வந்து குந்தின.

"அம்மா, இது புகை குடிக்கிற ஆக்களின்ர கிளினிக்" என்றார் டொக்டர். "பொம்பிளையளுக்கு திங்கக்கிழமை."

"நானும் புகை குடிக்கிற ஆள் தானே."

"இல்லையம்மா, இது ஆம்பிளையளுக்கு..."

"ஏன் டொக்டர், என்ர நெஞ்சுக்கு வேற குழாய் பூட்டியிருக்கோ?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டொக்டர் சிவந்து போனார். அக்கா சேலையின் ஓட்டையை விரித்துக் காட்டி, பங்கர்க் கதையை முழுவதும் சொன்னார். "கிபிருக்குத் தப்பினன். சுருட்டு நெருப்பில எரிஞ்சு செத்தா மருமகள் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு உந்தச் சுருட்டை விடவேணும். வழி இருந்தாச் சொல்லுங்கோ. படம் காட்டாதேங்கோ, மீனின்ர குடல் தினமும் பாக்கிறனான்."

வழி ஒன்று அந்த வாரம்தான் எங்களிடம் வந்திருந்தது. நிவாரண வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு டொக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, ஒரு பெட்டி நிறைய மெல்லுகிற மருந்து தந்துவிட்டுப் போனார். சிகரெட்டை விடத் தனக்கென்று கொண்டுவந்தது. வன்னியில் இருந்த காலம் முழுக்க விட முடியாமல் தோற்றுப்போய், பெட்டியை எங்கள் டொக்டரின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டே வாகனத்தில் ஏறினார். பெட்டியில் இருந்த எழுத்து எங்கள் யாருக்கும் தெரியாத பாஷை. நல்லவேளையாக டொக்டர் அதைப் பற்றிப் படித்திருந்தார்.

"இது இனிப்பு ரொபி இல்ல" என்று விளங்கப்படுத்தினார். "சுருட்டில உங்களை இழுக்கிற சாமான் இதுக்குள்ள கொஞ்சம் இருக்கு. புகை இல்ல. கொஞ்ச நேரம் மெல்லச் சப்பிப்போட்டு, வெத்திலையை அதக்கிற மாதிரி கொடுப்புக்குள்ள வையுங்கோ. பத்தவேணும் போல வரேக்க திரும்ப ஒருக்காச் சப்புங்கோ."

செல்லுக்குக் காத்திருந்த கமக்காரர் ஒன்றை வாங்கி, காய்ந்த கணவாயைக் கடிப்பதுபோல் கறகறவென்று மென்று விழுங்கிவிட்டார். பிறகு அன்று பின்னேரம் முழுவதும் அவருக்கு விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் அக்கா, "உங்களை ஆரோ நினைக்கினம் அண்ணை, பீடிக் கடைக்காரனாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கிளினிக் தொடங்கியதிலிருந்து அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். அன்று வேலி ஓரத்தில் பீடி பத்த ஒருவரும் நிற்கவில்லை. விக்கலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனார்கள்.

மறு வியாழனும் அக்கா வந்தார். ஆனால் சண்டைக்கு.

"டொக்டர், வியாழன் பின்னேரம் கிளினிக் வைக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது? பின்னேரம் கரைவலை இழுக்கிற நேரம். எங்கட கரையில சுருட்டுப் பத்தாத ஆம்பிளை ஆர்? ஒருத்தனாவது இஞ்ச வந்தவனோ?"

"வந்தாப் பாப்பம் தானே அம்மா."

"கடல் நடந்து வருமோ? நீங்கள் தான் வரவேணும்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த கையோடு, கரையில் இருந்த கத்தோலிக்கக் கோயில் விறாந்தையில் இரண்டாவது கிளினிக் தொடங்கியது. பங்குச் சுவாமியாரிடம் அனுமதி கேட்கப் போனதும் அக்காதான். என்ன சொல்லிக் கேட்டாரோ, சுவாமியார் உடனே சம்மதித்துவிட்டார்.

டொக்டரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பெற்றோல் கிடையாத காலம். சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அது கிளம்பினால் ஊரையே மறைக்கிற கரும்புகை. இளம் டொக்டரின் பின்னால் நான் ஏறிப் போனால் ஊர் வாய்க்கு அவல் போட்டதாகிவிடும் என்பதால், நான் என் சைக்கிளில் பின்னால் போனேன். வட்டுவாகல் பாலம் தாண்டும்வரை அந்தப் புகையைக் குடித்துக்கொண்டே மிதித்தேன். புகையின் தீமையைப் பற்றிச் சொல்லப் போகிற கூட்டத்தில் இருமிக்கொண்டு இறங்கியது நான் ஒருத்திதான்.

விறாந்தை நிறைய ஆட்கள். உப்புக் காற்றில் வெளுத்த சறங்கள், பனையோலைத் தொப்பிகள். ஒரு தூணுக்குப் பின்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தொப்பி மட்டும் ஒழுங்கில்லாமல் இருந்தது. அந்தப் பிடரியை எனக்குத் தெரியும். என் புருசன்.

அவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. ஊரில் சீனி இல்லாத நாள் உண்டு, அவரது சட்டைப் பையில் பீடி இல்லாத நாள் கிடையாது. கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து நான் கூப்பிட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், சாப்பாட்டில் உப்புப் போடாமலும் பார்த்தேன். "பொஞ்சாதிக்கு முன்னால போயிருந்து வாயைத் திறந்து காட்டுறதோ?" என்று சொல்லிவிட்டார். அன்று காலை, சிநேகிதன் வீட்டுக் கூரை வேய உதவப் போவதாகச் சொல்லித்தான் சைக்கிளை எடுத்திருந்தார்.

"கூரை வேஞ்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

அவர் திரும்புவதற்குள் அக்கா நடுவில் வந்து நின்றார். "மிஸி, இது ஆஸ்பத்திரி. இஞ்ச இருக்கிறவர் உங்கட புருசன் இல்ல, நோயாளி. நான் மீன் விக்க உங்கட வளவுக்கு வரேக்க கதைச்சுக் கதைச்சுக் கூட்டி வந்தனான். வீட்டுச் சண்டையை வீட்டில போய்ப் பிடியுங்கோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மருந்துப் பெட்டியைத் திறக்கப் போனேன். அவருக்கு முன்னால் வந்தபோது, மற்றவர்களிடம் கேட்டதைப் போலவே, "ஒரு நாளைக்கு எத்தினை பீடி, ஐயா?" என்று கேட்டேன். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் எனக்கு உண்மையான கணக்குச் சொன்னார். வீட்டில் சொல்லும் கணக்கைவிட அது நன்றாகக் கூடுதல்.

மருந்துக்கு அன்று தள்ளுமுள்ளு. வெளிநாட்டுச் சாமான் என்ற கதை பரவி, வாழ்நாளில் சுருட்டே தொடாதவர்களும் வரிசையில் நின்றார்கள். இருப்பதோ ஒரு பெட்டி. டொக்டர் கையைப் பிசைந்தார். அக்கா வரிசையின் தலைப்பில் போய் நின்றுகொண்டார்.

"எல்லாரும் வலக்கையை நீட்டுங்கோ."

ஒவ்வொரு கையாகப் பிடித்து விரலை மணந்து பார்த்தார். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒருவர் கையை நீட்டினார். அக்கா மணந்தார். மறுபடியும் மணந்தார்.

"இதில மீன் தான் மணக்குது, சம்மாட்டியார். அதுவும் நேற்றுப் பிடிச்ச மீன். போங்கோ."

சுவாமியார் ஒரு பக்கமாக நின்று இதை ரசித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"சுவாமி, நீங்களும் ஒருக்கா."

விறாந்தை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. சுவாமியாரின் கை மெதுவாக அங்கிப் பைக்குள் போனது. பிறகு சிரித்துவிட்டுக் கையை வெளியே எடுத்து நீட்டினார். "இத்தினை வருசமா உன்ர பாவசங்கீர்த்தனத்தை நான் கேட்டன். இண்டைக்கு நீ கேக்கிறாய்."

"சாம்பிராணி எண்டு சொல்லித் தப்பலாம் எண்டு நினைச்சியள்" என்றார் அக்கா. "டொக்டர், இவருக்கும் குடுங்கோ."

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் நரகம் வழமையைவிடச் சூடாக இருந்தது. பின் வரிசையில் குழந்தை அழுததற்குச் சுவாமியார் தாயை அல்ல, தகப்பனை அல்ல, முழுப் பங்குச் சனத்தையும் ஏசினார். புகையை விட்ட புதிதில் ஆளுக்கு எரிச்சல் வரும், தானாக அடங்கிவிடும் என்று டொக்டர் சனத்துக்கு விளக்க வேண்டியிருந்தது.

டொக்டரும் மாறிக்கொண்டுதான் வந்தார். படத்தை அவர் கரைக்குக் கொண்டுவரவே இல்லை. யாருக்கு எப்போது பத்த வேண்டும் போல் வருகிறது என்று கேட்பார். வலை வலிக்க முன்பு என்பார் ஒருவர். சாப்பிட்ட கையோடு என்பார் இன்னொருவர். "பொஞ்சாதி கதைக்கத் தொடங்கினவுடன" என்றார் என் புருசன். நான் பஞ்சை எண்ணிக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்தேன். அந்தந்த நேரத்துக்கு வேறு என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். பெட்டி முடிந்தபிறகு கராம்பும் இஞ்சித் துண்டும்தான் மருந்து. அவை வேலை செய்யும் என்று டொக்டர் சத்தியம் பண்ணவில்லை. வாய்க்கு ஒரு வேலை, வந்து இருக்க ஒரு இடம், அவ்வளவுதான் என்றார். சனம் வந்துகொண்டே இருந்தது.

ஒரு கிழமை அக்காவின் மகன் கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. கடலில் வெடிச் சத்தம் கேட்டதாகக் கரையில் கதை. நேவி அடித்திருக்கலாம், காற்று இழுத்துப் போயிருக்கலாம். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தாள். அக்கா கரையில் நின்றார், விடிந்தும் நின்றார். அடுத்த நாள் மத்தியானம் அளவில், இயந்திரம் பழுதான வள்ளத்தைச் சறத்தைப் பாயாகக் கட்டி ஓட்டிக்கொண்டு மகன் வந்து சேர்ந்தான்.

அந்த ஞாயிறு அக்கா வரிசையின் தலைப்புக்குப் போகவில்லை. ஆகப் பின்னால் சுவரோடு இருந்தார்.

"இண்டைக்கு அக்கான்ர விரலை ஆர் மணக்கிறது?" என்று ஒருவன் பகிடி விட்டான்.

அக்கா எழுந்து போய் டொக்டருக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். "மணக்கத் தேவையில்ல. பத்தினனான்."

"எப்ப?"

"மகன் வராத அண்டைக்கு."

"பேந்து?"

"மகன் வந்தான். வந்த சந்தோசத்தில இன்னொண்டு."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அக்காவின் முகம் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நாங்கள் யாரும் கேட்டதில்லை. பழைய டொக்டர் என்றால் ஒரு பிரசங்கமே வைத்திருப்பார்.

"நேற்று?" என்று கேட்டார்.

"நேற்று இல்ல."

"அப்ப நேற்றே திரும்ப விடத் தொடங்கிட்டியள். இருங்கோ அம்மா."

அக்கா இருந்தார். பக்கத்தில் இருந்த சுவாமியார் தன் பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து அவருக்குக் கொடுத்தார்.

ஊரே திருந்திவிட்டது என்று எழுதினால் பொய். கமக்காரர் செல்லுக்கும் தப்பினார், பீடியையும் விடவில்லை. "ரெண்டும் என்னை ஒண்டும் செய்யேல்ல" என்று சந்தையில் மார்தட்டுவார், பிறகு இருமுவார். சுவாமியார் விட்டுவிட்டார். என் புருசன் விட்டார், பிடித்தார், விட்டார். மூன்றாம் முறை விட்டபோது எனக்குச் சொல்லவில்லை. சட்டை தோய்க்கும்போது மணத்தில்தான் தெரிந்தது. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்காவின் மருமகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, மலைநாட்டிலிருந்து பல வருடங்களுக்கு முன் கலவரத்தில் அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய சனத்தின் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண். டொக்டர் பார்த்துவிட்டு, வவுனியா பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று துண்டு எழுதினார். போகும்போது அவள் வெளியே மாட்டியிருந்த பலகையைக் காட்டி என்னிடம் கேட்டாள்:

"மிஸி, அந்த வைத்தியம் பொகை குடிக்கிறவங்களுக்கு மட்டுந்தானுங்களா? பொயல போடுறவங்களுக்குக் கெடையாதா?"

வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்களை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பலகையில் புகை என்றுதான் இருந்தது, புகையிலை என்று இல்லை. டொக்டரிடம் சொன்னேன். அவர் வெளியே வந்து பலகையை வாசித்துப் பார்த்தார். "ரெண்டு எழுத்து விட்டிட்டன், மிஸி" என்றார்.

அந்தக் குடியிருப்புக்கு நானும் அக்காவும் போனோம். நான் மிதிக்க, அக்கா பின் கரியரில், மடியில் கடகம். ஒரு பாலை மரத்தின் கீழ் பெண்கள் கூடியிருந்தார்கள். அக்கா தன் வழமைப்படி பங்கரில் தொடங்கி, கிபிர், சேலை, விக்கல் என்று முழங்கினார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருத்தி சொன்னாள்:

"நல்லாத்தான் சொல்றீங்கம்மா. ஆனா பொயல போட்டா பசி தெரியாதுங்க. காலையில களையெடுக்கப் போனா மத்தியானம் வரைக்கும் அதுதான் எங்களுக்குச் சாப்பாடு."

அக்கா கடகத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். திரும்பி வரும் வழியில், ஊர் எல்லையில், "இதுக்கு உங்கட டொக்டரிட்ட என்ன கராம்பு இருக்கு, மிஸி?" என்று கேட்டார்.

டொக்டரிடம் இருக்கவில்லை. ஆனால் அவர் நிவாரணக்காரர்களிடம் அரிசிக்கு அலைந்தார், சுவாமியார் பங்கில் பயறு சேர்த்தார், என் புருசன் சங்கக்கடையிலிருந்து ஒரு பெரிய சமையல் கிடாரத்தை இரவலாகக் கொண்டுவந்து கொடுத்தார். பெண்கள் முறை வைத்து வயல் வரம்பில் காலைக் கஞ்சி காய்ச்சத் தொடங்கினார்கள். கஞ்சி வந்த பிறகுதான் அந்த மரத்தடிக் கூட்டம் கிளினிக் ஆனது. அக்கா கருவாடு கொண்டுபோவார். சிலர் புகையிலையைக் குறைத்தார்கள், சிலர் விட்டார்கள், சிலர் கஞ்சியையும் குடித்துப் புகையிலையும் போட்டார்கள்.

புண்ணோடு வந்த பெண்ணுக்கு வன்னியை விட்டு வவுனியா போகப் பாஸ் கிடைப்பதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது. ஒருவழியாகப் போய், புண்ணில் துண்டு வெட்டிச் சோதித்து, புற்று இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தாள். வந்த கிழமையே கூட்டத்துக்கு வந்து, மடியில் கைக்குழந்தையோடு, முன் வரிசையில் இருந்தாள். அக்கா சந்தோசத்தில் அவளைப் பற்றியே பெருங்குரலில் புகழத் தொடங்கினார். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றாள். "இப்பத்தான் புள்ள தூங்குது."